நிக் அசிஸ்: வெள்ளிக்கிழமைப் பாடமும் சட்டம் 355-உம்

பினாங்கு லெபோ சூலியாவிலோ பட்டர்வொர்த் பக்கமோ நம் ஆட்கள் அரசியல் பேச உட்கார்ந்தால், நிக் அசிஸ் பெயர் எப்படியும் வந்துவிடும். ஒருவர் "ஹூடுட் கொண்டுவரப் பார்த்தவர்" என்பார். இன்னொருவர் "மந்திரி பெசாராக இருந்தும் மரவீட்டிலேயே வாழ்ந்தவர்" என்பார். இரண்டும் சரிதான். ஹூடுட் என்பது கை வெட்டுவது போன்ற தண்டனைகளைக் கொண்ட இஸ்லாமியக் குற்றவியல் சட்டம்; மந்திரி பெசார் என்றால் மாநில முதல்வர். ஆனால் மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தை 22 ஆண்டுக்கு மேல் ஆண்ட மனிதரால், தான் பெரிதாக நினைத்த சட்டத்தை ஒருநாள்கூட நடைமுறைக்குக் கொண்டுவர முடியவில்லையே, அது ஏன்? இதற்கு நம்மிடையே தெளிவான பதில் கிடைப்பதில்லை.

நிக் அப்துல் அசிஸ் நிக் மாட் 1931 ஜனவரி 10-இல் கோத்தா பாருவை ஒட்டிய பூலாவ் மெலாக்கா கிராமத்தில் பிறந்தார். பெயரில்தான் மெலாக்கா, ஊர் கிளந்தானில். பொண்டோக் எனப்படும் கிராமத்து மதரசாக்களில் ஓதிய பிறகு இந்தியா சென்று தேவ்பந்த் தாருல் உலூமில் ஐந்தாண்டு படித்தார். லாகூரில் தஃப்சீர் என்ற குர்ஆன் விளக்கக் கல்வி படித்துவிட்டு, கெய்ரோ அல்-அஸ்ஹரில் முதுகலை வரை முடித்து, 1962-இல் ஊர் திரும்பி ஆசிரியரானார். மக்கள் அவரை கடைசிவரை 'தோக் குரு' என்றே அழைத்தார்கள். குரு என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெயருக்குக் காரணத்தை வெள்ளிக்கிழமை காலையில் கோத்தா பாருவில் பார்த்திருக்கலாம். கிளந்தானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். காலையில் ஜாலான் டத்தோ பாத்தியில், மெடான் இல்மு என்ற இடத்தில், சாலையிலேயே ஜனங்கள் பாயையும் பழைய செய்தித்தாளையும் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர் ஒரு குர்ஆன் வசனத்தை ஓதுவார், கிளந்தான் பேச்சுமொழியில் பொருள் சொல்வார், அடுத்த வசனத்துக்குப் போவார். வேலூர் பாக்கியாத் அரபுக் கல்லூரியில் ஓதி வந்த ஆலிம்களிடம், அதாவது மார்க்க அறிஞர்களிடம், பாடம் கேட்டவர்களுக்கு இந்த முறை பழக்கமானதுதான். மந்திரி பெசாரான பிறகும் அவர் இதை நிறுத்தவில்லை. அவருடைய ஓட்டுவங்கி மேடைப் பேச்சில் உருவானதல்ல, இந்தப் பாடத்தில் உருவானது என்பது என் கணிப்பு.

அவர் தேசிய அரசியலுக்கு வந்தது 1967-இல், கிளந்தான் ஹிலிர் நாடாளுமன்ற இடைத்தேர்தல் வழியாக. 1974 முதல் தொகுதி பெங்காலான் செப்பா. 1978-இல் அவருடைய கட்சியான பாஸ், அதாவது மலேசிய இஸ்லாமியக் கட்சி, கிளந்தானில் நொறுங்கிப்போனது. சட்டமன்றத்தின் 36 இடங்களில் இரண்டுதான் கிடைத்தன, நாடாளுமன்றத்தில் நாடு முழுதும் ஐந்து. அந்த ஐந்தில் அவருடையதும் ஒன்று. 1986-இல் அவர் சட்டமன்றத்துக்கு மாறினார். அந்தத் தேர்தலில் பாஸ் நாடாளுமன்றத்துக்கு வென்றது ஒரே ஓர் இடம்: அவர் விட்டுவந்த அதே பெங்காலான் செப்பா.

1982-இல் கட்சித் தலைமை ஆலிம்கள் கைக்குப் போனதில் பினாங்குக்கும் பங்கு உண்டு. அப்போது தலைவரான யூசோப் ராவா இந்த ஊர்க்காரர். 1969-இல் கோத்தா ஸ்டார் செலாத்தானில் பின்னாளில் பிரதமரான மகாதீரைத் தோற்கடித்தவர். கட்சித் தலைவரை முக்தமார் என்ற பேராளர் மாநாடு தேர்ந்தெடுக்கும். அதற்கு மேலே ஆலிம்களின் ஷூரா மன்றம் இருக்கிறது. அதன் தலைவர்தான் முர்ஷிடுல் ஆம். நிக் அசிஸ் 1991 முதல் சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கட்சித் தலைவராகாமலே கட்சியை அவரால் இழுத்துப் பிடிக்க முடிந்தது இதனால்தான். 2008-க்குப் பிறகு அப்போது நாட்டை ஆண்ட பாரிசான் கூட்டணியின் தலைமைக் கட்சியான அம்னோவோடு ஒற்றுமை அரசு அமைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அதற்கு எதிராக ஓங்கி ஒலித்த குரல் அவருடையது.

1990-இல் அம்னோவிலிருந்து பிரிந்த செமாங்கட் 46 கட்சியுடன் கூட்டுச் சேர்ந்து 39 சட்டமன்ற இடங்களையும் அள்ளி மந்திரி பெசாரானார். 1993 நவம்பரில் கிளந்தான் சட்டமன்றம் ஹூடுட் சட்டத்தை நிறைவேற்றியது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி குற்றவியல் சட்டம் கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. திருட்டும் கொள்ளையும் ஏற்கெனவே தண்டனைச் சட்டத்துக்குள் வருபவை. மாநிலம் சட்டமியற்றலாம், முஸ்லிம்கள்மேல் மட்டும், அதுவும் இஸ்லாமிய நெறிக்கு எதிரான குற்றங்களுக்கு மட்டும். அதற்கும், ஷரியா நீதிமன்றங்களின் தண்டனை அதிகாரத்தை வரையறுக்கும் 1965-ஆம் ஆண்டின் சட்டம் 355 உச்சவரம்பு போட்டிருக்கிறது: சிறை 3 ஆண்டு, அபராதம் 5,000 ரிங்கிட், பிரம்படி 6. கை வெட்டும் தண்டனை அதற்குள் எப்படி அடங்கும்? வரம்பை உயர்த்த நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். அட்டவணையையே மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இன்றைய 222 பேர் அவையில் அது 148. போலீசும் சிறையும்கூட கூட்டரசின் கையில். சட்டமன்றத்தில் 39-க்கு 39 இருந்தாலும் இதில் எதையும் அசைக்க முடியாது.

சட்டத்துக்குள்ளேயே இன்னொரு கோளாறும் இருந்தது. சாட்சி வயதுவந்த முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும் என்றது. கடையில் திருட்டு நடந்து, கண்ணால் கண்டவர் முஸ்லிம் அல்லாத ஒரு தமிழ்ப் பெண் என்றால் ஹூடுட் வழக்கில் அவர் சொல் எடுபடாது. முஸ்லிம் பெண்ணின் நிலையும் அதுவே. "உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை" என்று நம்மிடம் சொல்லப்பட்டது முழு உண்மை அல்ல.

மாக் யோங் நாடகத்துக்கு 1991-இல் போட்ட தடையும் அவர் ஆட்சியின் கறை. தலைமுறை தலைமுறையாகக் கிராமத்தில் ஆடிவந்த கலையை மேடையிலிருந்து இறக்கியதை என்னால் நியாயப்படுத்த முடியாது. அதே மாநிலத்தில் தும்பாட் வட்டாரத்துப் புத்தர் கோயில்களும் பெரிய சிலைகளும் நிலைத்து நின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

2004-இல் சட்டமன்றத்தில் கட்சியின் பலம் 45-க்கு 24 என்று சரிந்து, 2005 டிசம்பரில் பெங்காலான் பாசிர் இடைத்தேர்தலில் தோற்றபின் 23-க்கு 22 என்ற ஓரிட வித்தியாசத்தில் ஆட்சியை ஓட்டினார். 2008-இல் காற்று திரும்பியது. பினாங்கில் பெர்மாத்தாங் பாசிர் சட்டமன்றத் தொகுதியை பாஸ் தக்கவைத்தது. நாடு முழுதும் பல தமிழர்கள் முதல்முறையாகப் பாஸின் பச்சைக் கொடியில் உள்ள வெள்ளை வட்டத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். பாரிசான்மேல் இருந்த கோபம் முதல் காரணம் என்றாலும், பள்ளிவாசலுக்குப் பக்கத்து மரவீட்டில் ஊழல் கறையின்றி வாழ்ந்த ஒரு கிழவர் அந்தக் கொடிமேல் இருந்த பயத்தைக் குறைத்தார்.

2013 தேர்தலோடு மந்திரி பெசார் பதவியை விட்டார். 2015 பிப்ரவரி 12, வியாழன் இரவு, பூலாவ் மெலாக்கா வீட்டிலேயே காலமானார். வெள்ளிக்கிழமை காலை அடக்கம் செய்தார்கள். அடுத்த மாதம் கிளந்தான் சட்டமன்றம் 1993 சட்டத்தைத் திருத்தி மறுபடியும் நிறைவேற்றியது. சட்டம் 355-இல் அப்போதும் 3 ஆண்டு, 5,000 ரிங்கிட், 6 பிரம்படிதான்.