கம்பனி பதிவானது எளிது, வங்கிக் கணக்குத் திறந்ததுதான் பெரும்பாடு

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் நிறுவனம் தொடங்க எண்ணும் இளையவர்கள் பலர் கம்பனிப் பதிவை நினைத்தே கலங்குகிறார்கள். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரு பங்குதாரரும் ஒரு பணிப்பாளரும் ஒரு செயலாளரும் இருந்தாலே தனியார் கம்பனியொன்றைப் பதியலாம். பெயர் ஒதுக்கீடு முதல் பதிவுச் சான்றிதழ் வரை எனக்கு எல்லாமே இணையவழியில், கொழும்புக்குப் போகாமலே முடிந்தன. என்னை அலைக்கழித்தது அதற்குப் பிறகு வந்த வங்கிக் கணக்கு.

வெளிநாட்டிலிருந்த எங்கள் முதல் வாடிக்கையாளர் பணம் அனுப்பத் தயாராக இருந்தார். இலங்கைக் கணக்குகளில் பேபால் வழியாகப் பணம் பெற அப்போது வழியில்லை. இணையவழியில் பணம் பெற உதவும் ஸ்ட்ரைப் சேவையும் அப்போது இங்கிருக்கவில்லை. ஆகவே கம்பனியின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால்தான் அந்தப் பணம் வரும், என்னை நம்பி வந்த பிள்ளைகளுக்குச் சம்பளமும் கொடுக்கலாம் என்ற நிலை.

கொக்குவிலில் வாடகைக்கு எடுத்த மேல்மாடிதான் எங்கள் பதிவு அலுவலகம். வீட்டுக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறார். மின்கட்டணப் பட்டியலோ காலமாகிவிட்ட அவருடைய தகப்பனாரின் பெயரில் வருகிறது. யாழ்ப்பாணத்தில் இப்படியான வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தும், நான் முதலில் போன வங்கிக் கிளையின் உத்தியோகத்தர் இதை முன்பின் கேள்விப்படாதவர் போலவே நடந்துகொண்டார். பணிப்பாளர் சபைத் தீர்மானத்தைக் கொடுத்தால் அமைப்பு விதிகளின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டும் என்றார். அதைக் கொண்டுபோனால் முகவரிக்கு ஆதாரம் கேட்டார். வீட்டுக்காரர் கையொப்பமிட்டுத் தபாலில் அனுப்பிய கடிதத்தையும் பட்டியலில் அவர் பெயர் இல்லையென்று திருப்பித் தந்தார். தேவையான பத்திரங்கள் அனைத்தையும் ஒரே தடவையில் சொல்லியிருந்தால் அந்த வாரங்கள் வீணாகியிரா என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

முகவரியை மாற்றிவிடுமாறு சிலர் அறிவுரை கூறினார்கள். அந்த முகவரி பதிவாளரிடம் ஏறியிருந்தது. பதிவாகி 30 வேலை நாட்களுக்குள் கொடுக்கவேண்டிய பகிரங்க அறிவித்தலிலும் அதையே குறிப்பிட்டிருந்தோம். மாற்றுவதென்றால் இன்னொரு சுற்று அலைச்சல்.

கடைசியில் வேறொரு வங்கியின் கிளையில் இருந்த இளம் உத்தியோகத்தர் ஒருவர், என் கோப்பை முழுமையாக வாசித்துவிட்டு, "வீட்டுக்காரர் இங்க ஆருக்காவது அற்றோணித் தத்துவம் குடுத்திருக்கிறாரோ, தம்பி?" என்று கேட்டார். வீட்டுக்காரரின் அக்கா கோண்டாவிலில் இருக்கிறார். தனக்காகக் கையொப்பமிடும் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் அந்தப் பத்திரம் அவரிடம் பல ஆண்டுகளாகவே இருந்தது. அவர் கையொப்பமிட்ட வாடகை ஒப்பந்தத்தையும், அற்றோணித் தத்துவத்தின் பிரதியையும், கிராம அலுவலரின் வதிவிடச் சான்றையும் சேர்த்துக் கொடுத்ததும் கணக்குத் திறந்தது. அன்று மாலை அந்த அக்காவின் வீட்டுக்கே நேரில் போய் நன்றி சொன்னேன்.

எனவே, தொழில் தொடங்க இடம் பார்க்கும்போதே, ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் அதிகாரம் ஊரில் யாருக்கு இருக்கிறது என்று கேட்டு, அந்தப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். வங்கியில் வாய்வார்த்தையை ஏற்காமல், தேவையானவற்றின் முழுப் பட்டியலையும் எழுத்தில் வாங்குங்கள். வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைப்பட்டியலிலும், பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல், 'பிரைவேட் லிமிடெட்' என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். பெயர் பொருந்தாவிட்டால் அவர்கள் அனுப்பிய பணம் வழியில் தடைப்பட்டு நிற்கக்கூடும்.