பல்லவி வராத மாதங்கள்

பாட்டு எழுதுகிறவர்களுக்கு வேலை இப்போது வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. இசையமைப்பாளர் கீபோர்டை வாசித்தபடியே ‘தனனா தானனா’ என்று மெட்டைப் பாடி அனுப்புவார். கூடவே சிச்சுவேஷன், இரண்டே வரியில். அந்தத் தத்தகாரத்தின் மேல் சொற்களை உட்கார வைக்க வேண்டும். குறில் விழுகிற இடத்தில் குறில், நெடில் விழுகிற இடத்தில் நெடில். சந்தம் இடிக்கக் கூடாது, கதைக்குப் பொருந்த வேண்டும், அப்புறம் இயக்குநருக்கும் பிடிக்க வேண்டும். சின்னப் படங்களுக்கும் தனி ஆல்பங்களுக்கும் வருஷக்கணக்காக இப்படித்தான் எழுதிவருகிறேன். ராத்திரி மெட்டு வந்தால் பெரும்பாலும் காலையில் பல்லவி போய்விடும்.

அது நின்றுபோனது. சொல்லே வரவில்லை என்று சொல்ல முடியாது. தனா என்றால் நிலா வந்தது, தனனா என்றால் விழியே வந்தது. மழை, மௌனம், சிறகு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எதை எழுதினாலும் ஏற்கெனவே எங்கோ கேட்டதாக இருந்தது. பாதி நான் எழுதியவையே. எழுதுவதும் அடிப்பதுமாக நோட்டு தீர்ந்தது. அவகாசம் கேட்டு வாங்கிய பாட்டுகள் வேறு ஆட்களுக்குப் போயின. போன் அடித்தால் எடுக்கவே பயமாக இருந்தது. இந்த நிலையில் இருக்கிறவர்களுக்கு ‘கொஞ்சம் ஓய்வு எடுங்க, தானா வரும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஓய்வில் பயம்தான் கூடியது. பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்தேன். நடந்து முடித்தபோது கால் வலித்தது, பல்லவி வரவில்லை.

நிஜமாக உதவிய முதல் விஷயம் திருப்புகழ். பக்தியாக ஓத உட்காரவில்லை, சந்தத்துக்காக உட்கார்ந்தேன். முத்தைத்தரு பாட்டின் சந்தம் ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்று போகும். அதை எழுதிவைத்துக்கொண்டு, கண்ணில் படுகிற எதையாவது அதில் அடைத்துப் பார்ப்பேன். சமையலறையில் இருந்தால் ‘சுக்குப்பொடி தட்டித் தருகிற’. அர்த்தம் முழுசாக வர வேண்டும் என்றுகூடக் கட்டாயம் கிடையாது. வல்லின ஒற்று விழுகிற இடத்தில் வல்லின ஒற்று விழுந்தால் போதும், அன்றைக்கு வேலை முடிந்தது. யாருக்கும் காட்ட வேண்டாம், யாரும் சரி தப்பு சொல்லப்போவதில்லை. எனக்குள் இருந்த ‘இது நல்லா இருக்கா?’ என்ற கேள்வியை இந்தப் பயிற்சி வாயடைத்துவிட்டது. அழகாக எழுத வேண்டும் என்ற எண்ணம் ஒதுங்கியதும், காதும் கையும் பழையபடி ஒன்றாக வேலை செய்ய ஆரம்பித்தன.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மெட்டு வந்தது. கிராமத்திலிருந்து ஒரு பெண் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்புகிறாள், அம்மா பஸ் ஏற்றிவிடுகிறாள். ‘பிரிவுதான், ஆனா அழுகாச்சிப் பாட்டு வேண்டாம்’ என்றார் இயக்குநர். மெட்டு ‘தானன தானன தானா — தன, தானன தானன தானா’. தாலாட்டு மாதிரி ஆடுகிற நடை. கேட்டவுடனே பிடித்தது. பல்லவி வரவில்லை.

நாட்கள் ஓடியதும் இசையமைப்பாளருக்கே போன் செய்து சொன்னேன். நீண்ட காலம் என்னோடு வேலை செய்தவர். “பல்லவிய விடுங்க. சரணத்த எழுதுங்க முதல்ல. கேக்குறவங்கதான் பல்லவியில ஆரம்பிப்பாங்க, நாம எங்க ஆரம்பிச்சா என்ன?” என்றார். இவ்வளவு நாள் இந்தத் தொழிலில் இருக்கிறேன், யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை. பல்லவிதான் பாட்டின் முகம், ஜனங்கள் முணுமுணுக்கப்போவது அதைத்தான் என்பதால் மொத்த பாரமும் அந்த இரண்டு வரியின் மேல் ஏறிவிடுகிறது. சரணத்தில் அந்தப் பாரம் இல்லை. சரணத்தில் அம்மா பேசலாம், பெண் பேசலாம், பஸ் கண்டக்டர்கூடப் பேசலாம்.

சரி, அம்மா என்ன பேசுவாள்? உட்கார்ந்து யோசித்தால் மறுபடியும் ‘கருவறை’, ‘தொப்புள்கொடி’ என்று மேடைச் சொற்களே வந்தன. மார்கழி மாசம் ஒரு விசேஷத்துக்காக ஊருக்குப் போயிருந்தபோது, ராத்திரியில் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். கோவை, திருப்பூர், ஈரோடு போகிற வண்டிகள் அங்கிருந்துதான் கிளம்பும். டீக்கடை ஓரமாக ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, வழியனுப்ப வந்தவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவர் வாயிலிருந்தும் பிரிவு என்ற சொல் வரவில்லை. ‘சில்லறை வச்சிருக்கியா’ என்றார்கள். ‘பைய மடியிலயே வச்சுக்க’ என்றார்கள். ஓர் அம்மா, வண்டிக்கு வெளியே நின்றபடி கையை எக்கி ஜன்னல் கண்ணாடியைத் தட்டித் தட்டி, “சன்னலச் சாத்திக்கோடி, பனி இறங்குது. துண்டத் தலையில போட்டுக்க” என்றார். உள்ளே இருந்த பெண், “சரிம்மா, நீ கெளம்பு. உனக்குக் கடைசி வண்டி போயிரும்” என்றாள். அம்மா கிளம்பவில்லை. “எறங்குனதும் போன் போடு” என்றார். வண்டி பின்னால் எடுத்துத் திரும்பும்வரை கண்ணாடியில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

எனக்கு அங்கேயே சரணம் கிடைத்துவிட்டது. பத்திரமாகப் போ என்பதற்கு அந்த அம்மாவிடம் எத்தனை விதமான சொற்கள் இருந்தன! அத்தனையும் ஜன்னல், துண்டு, போன், சில்லறை. இயக்குநர் கேட்ட ‘அழாத பிரிவு’ அதுதான்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் அடுத்த சிக்கல். ‘போனதும் போனுல பேசு’ என்று ஒரு வரி வந்தது. படிக்க நன்றாக இருந்தது, பாட முடியவில்லை. மெட்டில் வரியின் கடைசி அசையைப் பாடகர் இழுக்க வேண்டும்; ‘பேசு’வில் இருப்பது குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கிற உகரம்; இழுத்தால் அது உகரமாகவே நிற்காது. ‘போனதும் பேசிடு தாயே’ என்று மாற்றினேன். மதுரைப் பக்கம் அம்மாமார்கள் பெண்ணைத் தாயி என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் உறவும் சரியாக அமைந்தது, ஏகாரத்தில் குரல் தாராளமாக நின்றது.

ஒரு வரிக்கு அடுத்த வரி வராதபோது ஏற்றப்பாட்டுக் கதையைத்தான் பிடித்துக்கொண்டேன். ஏற்றம் இறைப்பவர் ஒருவர் ‘மூங்கில் இலைமேலே தூங்கும் பனிநீரே’ என்று பாடி நிறுத்திவிட்டுப் போக, அடுத்து என்ன வரும் என்று கம்பரே ராத்திரி முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை என்பார்கள். மறுநாள் அந்த இறைப்பவர் பாடியது ‘தூங்கும் பனிநீரை வாங்கும் கதிரோனே’. செவிவழிக் கதைதான். ஆனால் பாட்டு கட்டுகிற வித்தை அதில் அப்படியே இருக்கிறது. இறைப்பவர் புதிதாக எதையும் தேடவில்லை. முந்தைய வரி எங்கே முடிந்ததோ அதையே கையில் எடுத்துக்கொண்டு அடுத்த அடி வைக்கிறார். நானும் அப்படியே செய்தேன். தாயே என்று முடிந்தால் அடுத்த வரியைத் தாயிலேயே தொடங்கினேன். பிறகு தேவையில்லாத இடங்களில் அந்தத் திரும்பல்களை வெட்டிவிட்டேன். வெட்டுவதற்காவது கையில் வரிகள் இருந்தன.

இரண்டு சரணமும் முடிந்த பிறகு பல்லவிக்கு வந்தேன். அந்த அம்மா சொன்ன ‘சாத்திக்கோ’வை எப்படியாவது உள்ளே கொண்டுவந்துவிடப் பார்த்தேன். சாத்-திக்-கோ, மூன்றும் கனமான அசை. மெட்டு கேட்பது தானன, கனத்துக்குப் பின் இரண்டு லேசான அசை. மனசில்லாமல்தான் ‘மூடிடு’ ஆக்கினேன். இன்றைக்கும் ‘சாத்திக்கோ’தான் நல்ல சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜன்னல் ‘சன்னல’ என்று வந்ததும் அதற்கு எதுகையாகப் ‘பின்னல’ வந்தது. கிளம்புகிற அவசரத்திலும் அம்மா உட்கார வைத்துப் பின்னிவிட்ட சடை. இனிமேல் அதைத் தொடப்போவது பனிதான்.

*சன்னல மூடிடு கண்ணே — பனி*
*பின்னல நீவுது பொண்ணே*

பாடி அனுப்பினேன். “இதுக்கா இத்தனை நாள்?” என்று கேட்காமல், “ரெண்டாவது வரிக்கு வயலின் வேண்டாம், புல்லாங்குழல் போதும்” என்று பதில் அனுப்பினார் இசையமைப்பாளர். அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டைப் பற்றி இன்னொருவர் வேலையாகப் பேசி எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

அதற்குப் பிறகும் தடை வராமல் இல்லை. வருகிறது, இவ்வளவு நாள் தங்குவதில்லை. புது மெட்டு வந்தால் பேனாவை எடுக்குமுன் இந்தப் பாட்டில் யார், யாரிடம், எங்கே நின்றுகொண்டு பேசுகிறார் என்று மட்டும் எழுதிவைக்கிறேன். நிலா, மழை வரிசை வந்தால் அடிப்பதில்லை, அவற்றுக்கென்று நோட்டின் கடைசிப் பக்கம் இருக்கிறது. அங்கே இறக்கிவைத்துவிட்டு வருகிறேன். இப்போது கையில் இருப்பது ஒரு கல்யாண வீட்டுப் பாட்டு. மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடை. பந்தி பரிமாறுகிறவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று கேட்க, வரும் முகூர்த்தத்தில் தெரிந்தவர் வீட்டு மண்டபத்துக்கு முந்தின ராத்திரியே போவதாகச் சொல்லியிருக்கிறேன்.