கறுப்பு பாலிஷ் காய்ச்சிப் பார்த்தேன்

பழைய செய்முறைக் குறிப்புகளில் ‘பிளாக்கிங்’ என்று பார்த்ததும் சாமான் வாங்கக் கிளம்பிவிடக் கூடாது. ஷூவுக்குப் போடும் கறுப்பு பாலிஷுக்கு அந்தப் பெயர்தான். வார்ப்பிரும்பு அடுப்பைக் கறுப்பாக்கும் பூச்சுக்கும் அதே பெயர். வார்ப்படப் பட்டறையில், உருகிய உலோகம் ஒட்டாமலிருக்க மணல் அச்சுக்குள் பூசும் கரிக் கலவையும் பிளாக்கிங். இங்கிலாந்தில் கால்வாய்ப் படகின் அடிப்பாகத்துக்கு அடிக்கும் தார்ப்பூச்சும் பிளாக்கிங். நிறம் ஒன்று, சரக்கு வேறு வேறு. எந்தப் பொருளுக்கான குறிப்பு என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுப்புக்கானது சுலபம். கிராஃபைட் பொடியைத் தண்ணீரில் குழைத்து, துரு நீக்கிய வார்ப்பிரும்பு மூடியில் பூசினேன். காய்ந்ததும் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க, பென்சில் கோடு மாதிரி சாம்பல் கலந்த மினுமினுப்பு வந்தது. கிராஃபைட் அடுக்கடுக்காக வழுக்கிப் படிவதால் மெழுகே இல்லாமல் பளபளக்கும், சூட்டையும் தாங்கும். மெழுகு பாலிஷை அங்கே பூசினால் புகைந்துபோகும்.

ஷூவுக்கு முதலில் மெழுகு வருவதற்கு முந்தைய கலவையைத்தான் செய்தேன்: எலும்புக் கரிப்பொடி, மொலாசஸ் எனும் கரும்புக் கழிவுப்பாகு, வினிகர், கொஞ்சம் எண்ணெய். அந்தக் காலத்தில் இதில் கந்தக அமிலமும் ஊற்றுவார்கள். எலும்புக் கரியிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு அது வினைபுரிந்து கலவையை மைபோல நயமாக்கும். வீட்டில் அந்த அமிலத்தைத் தொடுவதில்லை என்று அதை விட்டுவிட்டேன். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1824-இல், 12 வயதுச் சிறுவனாக, லண்டன் ஹங்கர்ஃபோர்ட் படித்துறைப் பக்கம் வாரன்ஸ் பிளாக்கிங் ஆலையில் ஜாடிகளுக்குக் காகிதம் கட்டி லேபிள் ஒட்டியது இந்த வகைச் சரக்கு நிரப்பிய ஜாடிகளுக்குத்தான். கையில் அந்தப் புளித்த வாடையோடு வேலை செய்யும்போது அந்தப் பிள்ளையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஈரம் முழுசாகக் காய்வதற்குள் பிரஷ் போட்டால் நல்ல பளபளப்பு வந்தது. பாகுதான் ஒட்டவும் வைக்கிறது, மினுங்கவும் வைக்கிறது. ஆனால் அதே பாகு தண்ணீரில் கரையும். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தேன், கறுப்பு அப்படியே துணிக்கு வந்துவிட்டது. மழையில் போட்டுக்கொண்டு நடந்தால் கால்சட்டை ஓரம் என்னாகும் என்று சொல்லவே வேண்டாம். மெழுகு பாலிஷ் வந்து இதை ஓரங்கட்டியதில் ஆச்சரியமில்லை.

அப்புறம் மெழுகுக்கு வந்தேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். பனை இன மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகுக்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும். தேன்மெழுகு மட்டும் போட்ட பாலிஷ் மிருதுவாக இருந்தது, ஆனால் விரல் பட்ட இடமெல்லாம் மங்கியது. கார்னோபாவைக் கூட்டினால் பளபளப்பு ஏறுகிறது, கூடவே தோல் மடியும் இடத்தில் வெடிக்கிறது. இப்போது நான் நிற்கும் அளவு: தேன்மெழுகு 30 கிராம், கார்னோபா 10 கிராம், மெழுகைக் கரைக்கும் டர்பன்டைன் எண்ணெய் 100 மில்லி, விளக்குக்கரி (விளக்குப் புகையில் படியும் நுண்ணிய கரிப்பொடி) 7 கிராம்.

விளக்குக்கரிக்குத்தான் பொறுமை வேண்டும். தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். உருகிய மெழுகில் நேராகக் கொட்டினால் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டுகொள்ளும். கண்ணாடிப் பலகையில் கரியை வைத்து, டர்பன்டைனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தட்டைக் கத்தியால் மடித்து மடித்துத் தேய்க்க வேண்டும். முதலில் மணல்போல நறநறக்கும். தேய்க்கத் தேய்க்கச் சத்தம் அடங்கி, கத்தி பட்ட தடம் ஈர மைபோல மின்னும். அந்தப் பதம் வந்த பிறகுதான் மெழுகில் சேர்க்கலாம்.

டர்பன்டைன் விஷயத்தில் அலட்சியமே கூடாது. சுமார் 35 டிகிரியிலேயே, நெருப்பு பட்டால் அதன் ஆவி தீப்பற்றும். மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வெளியே கொண்டுபோன பிறகே ஊற்றுகிறேன். சில்லென்று ஊற்றினால் கார்னோபா கட்டி தட்டும். அதனால் டர்பன்டைன் புட்டியையும் மூடியைத் தளர்த்தி, நெருப்பு இல்லாத இடத்தில் வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பேன். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள்.

தகர டப்பாவில் ஊற்றி ஆறவிட்ட சரக்கைப் பழைய கறுப்பு ஷூவில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கரி கீறலையும் வெளுப்பையும் மறைக்கிறது, அவ்வளவுதான். பளபளப்பு, தோலின் குழிகளை மெழுகு நிரப்பிச் சமன் செய்வதில்தான் இருக்கிறது. கரியை இரட்டிப்பாக்கிய டப்பா இன்னும் கறுப்பாக இல்லை, மங்கலாகத்தான் இருந்தது. கரி குறைந்த பாலிஷை, விரலில் சுற்றிய பருத்தித் துணியால் மெல்லிசாகப் பூசி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் முதலில் பனி படிந்த மாதிரி இருக்கும். அடுத்த பூச்சு, அடுத்த சொட்டு. தண்ணீர் இருப்பதால் துணி மெழுகைப் பிடித்து இழுக்காமல் வழுக்கிப் போகிறது. மூட்டம் விலகி, ஜன்னல் கம்பிகள் ஷூ முனையில் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்போது கையை எடுக்க மனசே வராது.

இந்தக் கண்ணாடிப் பளபளப்பு முனையிலும் குதிகாலிலும் மட்டும்தான் நிற்கும். அங்கே உள்ளே விறைப்பான அட்டை வைத்திருப்பதால் தோல் மடியாது. விரல் மடியும் இடத்தில் ஒரு மெல்லிய பூச்சோடு நிறுத்திப் பிரஷ் மட்டும் போடுங்கள். அடுத்து அடித்தோலின் ஓரத்துக்குக் கொஞ்சம் கெட்டியான பதத்தில் ஒரு டப்பா காய்ச்சப்போகிறேன். அதில் கார்னோபாவை 15 கிராமாக ஏற்றிப் பார்க்க எண்ணம்.