வேலந்தாவளம் வரைக்கும்தான் கூட்டணி

சித்தூர் தாலுகா என்று சொன்னதும் பாதிப் பேர் என்னை ஆந்திராவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இது பாலக்காடு ஜில்லா சித்தூர். அதில் கொழிஞ்சாம்பாறையை ஒட்டி எங்கள் ஊர். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், பேச்சு கோயமுத்தூர்த் தமிழில் இருக்கும், கோபம் வந்தால் எது முதலில் வாயில் வருகிறதோ அது.

என் பெரியப்பா மார்க்சிஸ்ட். பெரியம்மாவின் அண்ணன், அதாவது எனக்கு மாமா, காங்கிரஸ். அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே மதில். கேரளத்தில் தேர்தல் வாசனை அடித்தாலே கட்சிக்காரர்கள் சுவருக்கு வெள்ளையடித்து 'புக்டு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் அந்தச் சுவரை வேறு யாரும் தொடக்கூடாது என்பது ஊர் வழக்கம். எங்கள் மதிலுக்கு இரண்டு கட்சியும் உரிமை கொண்டாடியதால் பெரியம்மா ஒரு கரிக்கட்டையை எடுத்துவந்து நட்டநடுவில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் அரிவாள் சுத்தியல் நட்சத்திரம், இந்தப் பக்கம் கை. 2019 தேர்தலில் நட்சத்திரத்தின் ஒரு முனை கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வந்துவிட்டது என்று மாமா தச்சரிடம் டேப் இரவல் வாங்கிவந்து அளந்தார். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "உங்க சுண்டுவிரல் மட்டும் என்னங் மச்சான், எங்க பக்கம் நீட்டிட்டு நிக்குது" என்றார்.

இந்த 'ங்' விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவரைத் திட்டுவதானாலும் கடைசியில் ஒரு 'ங்' சேர்த்துத்தான் திட்டுவோம். "நீங்க பேசறது அத்தனையும் பொய்யுங் மச்சான்." "உங்களுக்கு மூளையே இல்லீங் மாப்பிள்ளை." நாற்பது வருஷமாக இரண்டு பேரும் இப்படித்தான். நான் கேட்டவரை ஒருமையில் ஒரு வார்த்தை வந்ததில்லை. காலையில் டீக்கடையில் மாமா மார்க்சிஸ்ட் கட்சிப் பேப்பரான தேசாபிமானியை எடுத்துத் தப்புக் கண்டுபிடிப்பார், பெரியப்பா காங்கிரஸ் பக்கம் சாய்ந்த பேப்பர் என்று பேர் வாங்கிய மனோரமாவை எடுத்துக் கண்டுபிடிப்பார். யார் எந்தப் பேப்பரைப் படிக்கிறார் என்பதை வைத்துக் கட்சியைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்த ஒரு புது வாத்தியார் ஆறு மாதம் ஆளை மாற்றி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். சாப்பிட இலை போட்டாச்சு என்றால் கட்சியை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். பெரியம்மா "இலை போட்டாச்சு" என்று குரல் கொடுத்தால், "இந்த வீட்ல இலைக்கு ஓட்டே கிடையாதே" என்று மாமா ஒவ்வொரு முறையும் அதே ஜோக்கைச் சொல்லிக்கொண்டே கைகழுவப் போவார். பெரியப்பாவும் ஒவ்வொரு முறையும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் இன்னும் ஆச்சரியப்படுகிறேன்.

இரண்டு பேரும் ஒரே பந்தலில் உட்காரும் விஷயம் ஒன்று உண்டு, ஆழியாற்றுத் தண்ணீர். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழைக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். வரத்துக் குறைந்தால் செங்கொடியும் கைக்கொடியும் ஒரே மூங்கிலில் ஏறிவிடும். எதிர்த்துப் பேச அந்த நேரத்தில் சம்பந்தி வருவார். பெரியப்பா மகள், அதாவது என் அக்காவின் மாமனார், ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அது தனிக் கதை, அதில் 'ங்' எண்ணிக்கை இன்னும் கூடும்.

சரி, 2019. கேரளத்தில் இந்த இரண்டு கட்சியும் எலியும் பூனையும், தமிழ்நாட்டிலோ திமுக கூட்டணியில் இரண்டும் ஒன்று. கோயமுத்தூரில் மார்க்சிஸ்ட் வேட்பாளர் பி.ஆர்.நடராஜனுக்குக் காங்கிரஸ்காரர்கள் ஓட்டுக் கேட்கிறார்கள். எங்கள் ஆலத்தூர்த் தொகுதியிலோ மார்க்சிஸ்ட் எம்.பி. பி.கே.பிஜுவைத் தோற்கடிக்க அதே காங்கிரஸ் ரம்யா ஹரிதாஸை நிறுத்தியிருக்கிறது, அவர் பாட்டுப் பாடியே ஊர் ஊராக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே ஏப்ரல் 18 ஓட்டு, இங்கே 23. போதாததற்கு ராகுல் காந்தி வயநாட்டுக்கு வந்து இடதுசாரிகளை எதிர்த்து மனுத் தாக்கல் செய்து, மார்க்சிஸ்ட் கட்சிக்கு எதிராக ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். இதை மாமா பெருமையாகச் சொன்னபோது பெரியப்பா கேட்டார்: "உங்க தலைவரே பேச மாட்டேங்கிறாரு. நீங்க மட்டும் எதுக்குங் மச்சான் விடிஞ்சதுல இருந்து பேசிட்டிருக்கீங்க?"

ஏப்ரல் 14, ஞாயிறு, தமிழ் வருஷப்பிறப்பு. சிங்காநல்லூரில் அக்கா வீட்டில் விருந்து. என்னிடம் ஒரு ஓம்னி வேன் இருப்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் ஓட்டுநர் யார் என்ற கேள்வி எழவில்லை. ஒப்புட்டும் பாயசமுமாகச் சாப்பிட்டுவிட்டுப் பெரியவர்கள் கட்டிலில் சாயப்போகும் நேரம், அக்கா வீட்டுக்காரர் தெருவில் கூட்டணிக்காரர்கள் நோட்டீஸோடு வந்துவிட்டார்கள். கறுப்புச் சிவப்பு, செங்கொடி, கைக்கொடி, இன்னும் இரண்டு மூன்று கொடி. அக்கா வீட்டுக்காரருக்கு அவர்கள் எல்லாம் பழக்கம். "என் மாமனார் கேரளாவுல பழைய காம்ரேடுங்க, கூட இருக்கறவரு பழைய காங்கிரஸ்" என்று சொல்லிவைத்தார். அவ்வளவுதான். கேரளத்திலிருந்து இரண்டு கட்சியும் ஒன்றாகவே வந்திருக்கிறது என்று ஒருவர் நெகிழ்ந்துபோய் மைக்கை மாமா கையில் கொடுத்துவிட்டார்.

மாமாவின் முகத்தை நான் அப்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். மைக் கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம். ஆனால் ஆயுசு முழுக்க எந்தச் சின்னத்தைத் தோற்கடிக்கச் சுவர் சுவராகப் பசை தடவினாரோ அதே சின்னத்துக்கு ஓட்டுக் கேட்க வேண்டும். தொண்டையைச் செருமினார். "பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் பொன்னான வாக்குகளை" வரைக்கும் மழை மாதிரி வந்தது. அடுத்த வார்த்தை பழக்கதோஷத்தில் "கை" என்று ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நொடிதான். மாமா மைக்கைக் கக்கத்தில் செருகிக்கொண்டு இரண்டு கையையும் சேர்த்து, "கை கூப்பிக் கேட்கிறேன், அரிவாள் சுத்தியல் நட்சத்திரம்" என்று முடித்தார். பலத்த கைதட்டல். அந்தக் 'கை கூப்பி'யைப் பிறகு அந்தக் குழு அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலும் சொன்னது.

பெரியப்பாவும் தப்பவில்லை. மைக் அவரிடம் வந்ததும், கூட்டத்தில் ஒரு பையன் ராகுல் காந்தி பிரதமர் ஆகணும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஐயா என்று கேட்டுவிட்டான். பெரியப்பா மத்தியில் ஆட்சி மாற்றம் என்றார், மதச்சார்பின்மை என்றார், விவசாயி என்றார், ஜி.எஸ்.டி. என்றார். ராகுல் என்ற மூன்றெழுத்து மட்டும் வரவில்லை. கடைசியில் "நம்ம தம்பி" என்று பொதுவாகச் சொல்லி இறங்கினார். இறங்கியதும் மாமா காதோடு, "தம்பி பேரு என்னங் மாப்பிள்ளை?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

திரும்பும்போதுதான் வினை. நாங்கள் தெருவில் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் சின்னப் பையன்கள் என் ஓம்னியின் முன்பக்கம் ஒரு மூங்கில் குச்சியைக் கட்டி, அதில் மூன்று கொடிகளை வரிசையாகச் சொருகிவிட்டிருந்தார்கள். சிங்காநல்லூரில் அது ஒரு அலங்காரம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவிழ்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் பின்சீட்டில் 'கை கூப்பி' பற்றிய விசாரணை நடந்துகொண்டிருந்தது. இப்படியே பேசிக்கொண்டு மதுக்கரை தாண்டி வேலந்தாவளம் வந்து எல்லையைக் கடந்துவிட்டோம்.

ராத்திரி எட்டு மணி. ஞாயிற்றுக்கிழமை வேலந்தாவளத்தில் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது, காரணம் இரண்டு மாநிலத்துக்கும் தெரியும். தேர்தல் நேரமாதலால் பணம் பிடிக்கும் பறக்கும் படை வேறு கேமராவோடு நின்றது. அதிகாரி டார்ச்சை என் முகத்தில் அடித்தார், பிறகு கொடிக்கு அடித்தார், மறுபடி என் முகத்துக்கு வந்தார். "இது ஏது பார்ட்டியா?" என்று, அதாவது இது எந்தக் கட்சி என்று, மலையாளத்தில் உண்மையிலேயே சந்தேகத்தோடு கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துப் பெட்டிக்கடையில் நின்ற இளவட்டங்கள் வண்டியைச் சுற்றிவிட்டார்கள். பாதி அந்தக் கட்சி, பாதி இந்தக் கட்சி, பெரியப்பாவையும் மாமாவையும் தெரியாதவர்கள் யாரும் இல்லை. செங்கொடியும் கைக்கொடியும் ஒரே குச்சியில், பின்சீட்டில் இருவரும் தோளோடு தோள். செல்போன் வெளிச்சம் பளிச் பளிச்.

இந்த இடத்தில் நான் எதிர்பார்த்தது என்னவென்றால், ஒருவரை ஒருவர் மாட்டிவிடுவார்கள் என்று. இருவரும் ஒரே குரலில், ஒத்திகை பார்த்த மாதிரி, என்னைக் கைகாட்டினார்கள்.

"பையன் கட்டினதுங்க. அவன் எந்தக் கட்சின்னு எங்களுக்கே தெரியாது."

சீட்டுக்கடியில் இருந்த தூக்குப்போசியை அதிகாரி திறக்கச் சொன்னார். உள்ளே மிச்சம் இருந்த ஒப்புட்டு. எண்ணிப் பார்த்துக் கேமராவில் பதிவு செய்துகொண்டு அனுப்பிவிட்டார். நான் இறங்கிக் கொடிக்குச்சியை அவிழ்க்கும்போது, செங்கொடியைப் பெரியப்பா வாங்கி நாலாக மடித்து வைத்துக்கொண்டார். கைக்கொடி தரையில் விழப்போனதை அவரே பிடித்து, தூசி தட்டி மாமாவிடம் நீட்டினார். கறுப்புச் சிவப்பு என் மடியில் வந்து விழுந்தது, ஆக அந்த ராத்திரிக்கு எனக்கும் ஒரு கட்சி கிடைத்தது.

மறுநாள் விஷு. விடிகாலையில் கொன்றைப்பூவும் வெள்ளரிக்காயும் கண்ணாடியுமாகக் கணி கண்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தால், போனில் அந்த போட்டோ ஐந்து குரூப்பில் வந்திருந்தது. 'ரகசியக் கூட்டணி' என்று யாரோ மேலே எழுதியிருந்தார்கள். பெரியப்பாவுக்கு மேலிடத்திலிருந்து போன், மாமாவுக்கும் அவர் மேலிடத்திலிருந்து போன். மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று இருவரும் ஒரே விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் பெயர் அதில் பல முறை அடிபட்டது.

போன் முடிந்ததும் மாமா புது வேட்டியில் வந்து எல்லாருக்கும் விஷுக் கைநீட்டம், அதாவது பண்டிகைக் காசு, கொடுத்தார். பெரியப்பா வீட்டுப் பேரன் பேத்திகள், நான், பெரியம்மா, எல்லாரும் வாங்கியாயிற்று. வழக்கம்போலத் தங்கை மாப்பிள்ளைக்கும் ஒரு நூறு ரூபாய் நீட்டினார். பெரியப்பா நோட்டைத் தொடவில்லை.

"ஓட்டுக்கு எட்டு நாள்தான் இருக்கு. இந்த நேரத்துல வாக்காளருக்குப் பணம் குடுக்கறது நடத்தை விதி மீறலுங் மச்சான். அதுவும் பேரே கைநீட்டம்."

"அப்போ ராத்திரி என் கொடியை எடுத்துக் குடுத்தீங்களே, அது என்ன மீறலுங்?"

பெரியம்மா சமையலறையிலிருந்து இலை போட்டாச்சு என்றார். அந்தப் பழைய ஜோக் வந்தது.

மே 23 முடிவு. கேரளத்தின் இருபதில் பத்தொன்பது காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு. ஆலத்தூரில் ரம்யா ஹரிதாஸ் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசம். ஊரில் பட்டாசு, செண்டை மேளம். பெரியப்பா திண்ணையில் பேப்பரை விரித்து, படிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஊர்வலம் எங்கள் வாசலுக்கு வந்தபோது மாமா முன்னால் ஓடி, இந்த வீட்டுப் பக்கம் வெடி வேண்டாம், கோழி இருக்கு என்று சொல்லிக் கூட்டத்தை நகர்த்திக் கூட்டிப்போனார். பெரியப்பா வீட்டில் கோழியே கிடையாது. சாயங்காலம் மாமா ஒரு பெட்டி லட்டோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஆலத்தூர் என்ற பேச்சே எடுக்கவில்லை.

"கோயமுத்தூர்ல நம்ம ஆளு ஒண்ணே முக்கால் லட்சம் வித்தியாசத்துல வந்துட்டாருங் மாப்பிள்ளை. அதுக்குத்தான்."

பெரியப்பா கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். பிறகு ஒன்று எடுத்தார். "நீங்க கை கூப்பிக் கேட்டதுக்கே அம்பதாயிரம் விழுந்திருக்குங்" என்றார்.

அப்புறம் அஞ்சு வருஷம். சண்டை எதுவும் குறையவில்லை, மதிலுக்கு இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று. 2024 ஜூன் 4-ம் தேதி கேரளம் முழுக்க இடதுசாரிகள் மறுபடி கவிழ்ந்தார்கள், ஒரே ஒரு தொகுதி தவிர. அந்த ஒன்று எங்கள் ஆலத்தூர். கே.ராதாகிருஷ்ணன் ஜெயித்தார். அன்றைக்குச் சாயங்காலம் பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டு லட்டு வாங்கிவரச் சொன்னார். வாங்கிவந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். மாமா திண்ணையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கரூர்ல உங்க ஜோதிமணி ஜெயிச்சுட்டாங்க மச்சான். அதான் இனிப்பு."

"கரூர் எந்தப் பக்கம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"எந்தப் பக்கமாவது இருக்கட்டும். எடுங்க."

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது, அண்ணனுக்கு சுகர் இருக்கு, பாதிதான் என்று. மாமா பாதியைப் பிய்த்துக்கொண்டு மீதியை நீட்டினார். பெரியப்பாவுக்கும் சுகர்தான். மதிலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.