கோட்டை வாசலில் போனை நீட்டினால்

அமெரிக்காவின் விஸ்கொன்சின்-மடிசன் பல்கலைக்கழகத்தில் ஒரு கேம் செய்தார்கள். போனோடு வளாகத்தில் நடக்கிறவர், நேபாம் என்ற தீக்குண்டு இரசாயனத்தைத் தயாரித்த டவ் கம்பனிக்கு எதிராக 1967-ல் அங்கே நடந்த மாணவர் போராட்டத்தை விசாரிக்கும் பத்திரிகையாளராகிவிடுவார், சம்பவம் நடந்த இடத்துக்குக் கிட்டப் போனதும் அன்றைக்கு எடுத்த படச்சுருளே திரையில் ஓடும். அங்கேயே உருவான ஏரிஸ் என்ற கருவியில் கோடிங் தெரியாதவர்களும் இப்படிக் கேம் செய்தார்கள்.

நம் திருகோணமலையிலும் இது வரவேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்திலேயே தொடங்கலாம், சரி. ஆனால் எனக்கு முதலில் பிரட்றிக் கோட்டைதான். 1620களில் கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் கட்டியது. நுழைவாசல் கல்லில் பாண்டியரின் சின்னமான இணைக்கயலும் (இரட்டை மீன்) சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் இன்னும் இருக்கின்றன, பிள்ளைகளோ உள்ளே நிற்கும் மான்களைப் பார்க்கிற அவசரத்தில் அதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். போனை நீட்டினதும் அந்தக் கயல் ஒளிர்ந்து, எழுத்துகள் ஒவ்வொன்றாகத் துலங்கி, அடுத்த தடயம் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை உச்சியில் என்று வந்தால் எந்தப் பிள்ளை சும்மா நிற்கும்?

கம்பஸில் கணினி படிக்கிற தம்பி, தங்கச்சிமார் யாராவது இறங்குங்கள். பழைய படங்களும் வரைபடங்களும் தேடித் தருவது என் பொறுப்பு, இன்பாக்ஸுக்கு வாங்கோ.