கதவுகள் மூடியிருந்த நாட்கள்

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ரைன் நதிச் சமவெளியில் இருக்கிறது கோல்மார். இங்கு வருபவர்களில் பெரும்பாலோர் மரச்சட்டமிட்ட வண்ண வீடுகளையும் வாய்க்கால்களையும் பார்க்க வருகிறார்கள். நான் வந்தது ஒரே ஒரு பீட ஓவியத்துக்காக, அதாவது ஆலயப் பலிபீடத்துக்கு மேலே நிறுத்தும் ஐசன்ஹைம் பீடம் என்ற ஓவியத்துக்காக. அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைவதைத் திருயாத்திரை என்று சொல்லலாமா? ஐசன்ஹைம் பீடத்தைப் பொறுத்தவரை தாராளமாகச் சொல்லலாம். அது வரையப்பட்டதே நோயோடு யாத்திரை வந்தவர்களுக்காகத்தான்.

கோல்மாருக்குத் தெற்கே ஐசன்ஹைம் என்ற சிற்றூரில் அந்தோனியார் சபைத் துறவிகள் மருத்துவமனையோடு கூடிய மடம் ஒன்றை நடத்திவந்தார்கள். அங்கே வந்து சேர்ந்தவர்களைப் பீடித்திருந்த நோய்க்கு 'புனித அந்தோனியாரின் நெருப்பு' என்று பெயர். ரை தானியத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை, ரொட்டி வழியாக உடலுக்குள் போய் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். கை கால்கள் எரியும், கறுக்கும், கடைசியில் அழுகி விழும். காரணம் அன்று யாருக்கும் தெரியாது. துறவிகள் நல்ல ரொட்டி கொடுத்தார்கள். மூலிகை மருந்து பூசினார்கள். புனிதரின் திருப்பண்டத்தின்மீது, அதாவது அவருடைய உடலின் எச்சமாகப் போற்றப்பட்டதன்மீது, ஊற்றி எடுத்த திராட்சை இரசத்தைக் குடிக்கத் தந்தார்கள். வேறு வழியில்லாதபோது உறுப்பை வெட்டினார்கள். அவர்கள் கையில் இருந்த மருந்துகளில் இந்தப் பீடமும் ஒன்று. 1512க்கும் 1516க்கும் இடையில் மத்தியாஸ் கிரூனவால்ட் அதை வரைந்தார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது பீடம் கோல்மாருக்குக் கொண்டுவரப்பட்டது. இப்போது இருக்கும் இடம் உண்டர்லிண்டன் அருங்காட்சியகம்; 13ஆம் நூற்றாண்டில் தொமினிக்கன் கன்னியர் மடமாக இருந்த கட்டடம். அதன் பழைய ஆலயத்துக்குள் நுழைந்ததும் எதிரே சிலுவை.

நாம் பார்த்துப் பழகிய சிலுவை அல்ல. குறுக்குமரம் பாரம் தாங்காமல் இருபுறமும் வளைந்திருக்கிறது. விரல்கள் விறைத்து வானத்தை நோக்கிப் பிரிந்து நிற்கின்றன. உதடுகள் நீலம். தோல் பச்சை படர்ந்து, உடல் முழுக்கக் கீறலும் புண்ணும், ஒடிந்து உள்ளே நின்றுவிட்ட முட்களும். 'அவருக்கு அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை' என்று ஏசாயா தீர்க்கதரிசி சொன்னதை அப்படியே நம்பி வரைந்த ஓவியர் இவரைப்போல் வேறொருவர் இருப்பாரா என்று தோன்றியது. ஐசன்ஹைம் நோயாளி தன் தோலைப் பார்த்திருப்பான், பிறகு அவர் தோலைப் பார்த்திருப்பான். அதற்குமேல் அவனுக்குப் பிரசங்கம் தேவைப்பட்டிருக்காது.

சிலுவையின் வலப்பக்கம், நம் பார்வையில், யோவான் ஸ்நானகன் நிற்கிறார். சிலுவைக்கு வெகு காலம் முன்பே தலை வெட்டப்பட்டவர் அங்கே நிற்க நியாயமில்லை. ஓவியர் வரலாற்றை விட்டுவிட்டு இறையியலைப் பிடித்துக்கொண்டார். யோவானின் சுட்டுவிரல் அளவுக்கு மீறி நீண்டு கிறிஸ்துவைக் காட்டுகிறது. அருகே இலத்தீனில் 'அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்' என்ற வசனம். கார்ல் பார்த் என்ற இறையியலாளர் இந்தச் சிலுவைக் காட்சியின் பிரதியைத் தன் எழுதுமேசைக்கு மேலே மாட்டி வைத்திருந்தார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதிய மனிதர் ஒவ்வொரு முறை நிமிர்ந்தபோதும் அந்த விரல் கண்ணில் பட்டிருக்கும்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். இந்தப் பீடம் கதவுகளால் ஆனது. சாதாரண நாட்களில் கதவுகள் மூடியிருக்கும். அப்போது நடுவில் தெரிவது சிலுவை. பெருவிழாக்களில் கதவு திறக்கும். மரியாளுக்கு வானதூதர் செய்தி சொல்லும் மங்களவார்த்தை, இசைக்கருவிகள் மீட்டும் வானதூதர்கள், குழந்தையோடு மரியாள், உயிர்த்தெழுந்த கிறிஸ்து எல்லாம் வெளிப்படும். அதற்கும் உள்ளே, இரண்டாம் முறை திறந்தால், அந்தோனியாரின் மரச்சிற்பமும் அவரைப் பேய்கள் தாக்கும் காட்சியும். இன்றைக்குப் பலகைகளைக் கழற்றித் தனித்தனியே நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புக்கும் பார்வையாளர்களின் வசதிக்கும் அதுவே சரியாக இருக்கலாம். ஆனால் சிலுவையைப் பார்த்துவிட்டு நாலு எட்டு வைத்துத் திரும்பினால் உயிர்ப்பு வந்துவிடுகிறது. என் முன்னால் போன ஒரு குடும்பம் அப்படித்தான் கடந்துபோனது. அன்றைய நோயாளி வாரக்கணக்கில் மூடிய கதவின் முன் கிடந்திருப்பான். சுவரில் மடக்கித் திறக்கும் சிறிய மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். திறக்கிற விதம் அதில் புரிகிறது; காத்திருப்பது எப்படி என்று எந்த மாதிரியாலும் காட்ட முடியாது.

அந்த உயிர்ப்புப் பலகையைக் குறை சொல்ல முடியாது. இரவுக்கு நடுவே ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பெரிய ஒளிவட்டம். அதற்குள் வெண்மையான உடல். புண்கள் எல்லாம் போய்விட்டன, ஐந்து காயங்களைத் தவிர. அந்த ஐந்தும் ஒளிர்கின்றன. எது ஆற வேண்டும், எது ஆறாமல் இருக்க வேண்டும் என்று ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது.

காத்திருப்பைப் பலகைகள் இழந்துவிட்டாலும் இசை இன்னும் இழக்கவில்லை என்று நினைக்கிறேன். யோஹான் செபாஸ்டியன் பாக் மத்தேயு நற்செய்தியின்படி அமைத்த பாடுகளின் இசை, லைப்சிக் நகரின் புனித தோமா ஆலயத்தில் பெரிய வெள்ளி வழிபாட்டுக்காக எழுதப்பட்டது. இரண்டு பகுதிகளுக்கும் நடுவே பிரசங்கம் இருந்தது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் அந்த இசை கல்லறையின் முன் அழுதபடி உட்கார்ந்திருப்பதோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு சுரம்கூட இல்லை. பெரிய வெள்ளியன்றே 'ஆனாலும் சகோதரரே, ஞாயிறு வருகிறது' என்று அவசரப்படும் பிரசங்கிகளை நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பாக்கின் கடைசிக் கோரஸை ஒருமுறையாவது முழுதாகக் கேட்க வேண்டும். இந்தப் பீடமே இசையானதும் உண்டு: பால் ஹிண்டெமித் இதன் மூன்று காட்சிகளை ஒரு சிம்பொனியின் மூன்று பகுதிகளாக்கினார், 1934இல் பெர்லினில் அரங்கேறியது.

சினிமாவில் ஐசன்ஹைம் கதவுகளுக்கு நெருங்கி வந்தவர் ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கி. திருவோவியர் ருப்லேவைப் பற்றிய அவருடைய படம் ஏறக்குறைய முழுவதும் கறுப்பு வெள்ளை. சேறு, கொலை, பாழாக்கப்பட்ட ஆலயம், வரைவதையும் பேசுவதையும் நிறுத்திக்கொண்ட ஒரு துறவி. மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தால்தான் கடைசியில் வண்ணம் வருகிறது; ருப்லேவின் திருவோவியங்கள் திரையை நிறைக்கின்றன. அந்த இறுதிக் காட்சியை மட்டும் தனியாக வெட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது அழகான படங்கள். கதவு திறந்த அனுபவம் கிடைக்காது.

கோல்மாரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சுவிட்சர்லாந்தின் பாசெல். அங்குள்ள கலை அருங்காட்சியகத்தில் இளைய ஹான்ஸ் ஹோல்பைன் 1521-22இல் வரைந்த 'கல்லறையில் கிறிஸ்துவின் சடலம்' இருக்கிறது. 30 சென்டிமீட்டர் உயரம், 2 மீட்டர் நீளம், சவப்பெட்டியின் அளவுதான். கண்ணும் வாயும் திறந்தபடி ஒரு பிணம். அழுவதற்குத் தாய் இல்லை, சுட்டிக்காட்ட யோவான் இல்லை. 1867இல் இதன் முன் நின்ற தஸ்தயேவ்ஸ்கி நகர முடியாமல் போனதையும், அவருக்கு வலிப்பு வந்துவிடுமோ என்று தான் பயந்ததையும் அவர் மனைவி எழுதி வைத்திருக்கிறார். இதைப் பார்த்தால் விசுவாசமே போய்விடும் என்று தன் நாவலின் பாத்திரம் ஒன்றைச் சொல்லவும் வைத்தார் அவர்.

எனக்குப் போகவில்லை. விசுவாசப் பிரமாணத்தில் 'மரித்து அடக்கம்பண்ணப்பட்டார்' என்பதையும் 'மூன்றாம் நாள்' என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியிருக்கிறோம். நடுவில் ஒரு முழுச் சனிக்கிழமை கிடக்கிறது. ஹோல்பைன் அந்தச் சனிக்கிழமையை மட்டும் வரைந்தார், அதற்குக் கதவு வைக்கவில்லை. பாதி செத்த கைகாலோடு ஐசன்ஹைம் மடத்தில் படுத்திருந்தவனுக்கு இந்தப் படம் அந்நியமாக இருந்திருக்காது.

இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் பாசெலில் தொடங்கிக் கோல்மாரில் முடிக்கலாம். ஆறுதலான வரிசை அது. நான் தலைகீழாகப் போனேன், மறுபடி போனாலும் அப்படியே போவேன். கோல்மார் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, பாசெலுக்குத் திங்கள். அதைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.