வலைக்குள் வராத ஒன்று

ஜூன் 4

தொட்டியில் பெரிய ஏஞ்சல் மீனின் இடது விலாவில் மீண்டும் அந்த வெள்ளை வட்டம். நேற்றைவிடப் பெரியது. வழவழப்பு முழுவதும் போய்ச் செதில் தெரிகிறது. மூலையில் தலையைத் தாழ்த்தி நிற்கிறது. பாசி தின்னி மீன் இரண்டு சாண் தள்ளி மரக்கட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 5

பாசி தின்னியைப் பிடிக்க இரண்டு மணி நேரம், இரண்டு கைகளிலும் வலை. வலை நகரும்போது முன்னால் இருக்கும் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு போகிறது. அந்தத் தள்ளலை மீன் தன் பக்கக்கோட்டால் (விலாவில் ஓடும் உணர்வுக் கோடு) உணர்ந்து, வலை வருமுன்பே இடம் மாறிவிடுகிறது. வேகமாக வீசினால் தள்ளல் இன்னும் பெரிதாகும். தெரிந்தும் ஆத்திரத்தில் வீசினேன்.

ஹைக்ரோஃபிலா செடியில் நான்கு தண்டுகள் முறிந்தன. வாலிஸ்னேரியா வலையைச் சுற்றி வேரோடு வந்துவிட்டது. மண் கலங்கிக் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போன பிறகே நிறுத்தினேன். பயந்து போனவை மற்ற மீன்கள்தான். சின்ன நியான் மீன்களின் சிவப்பு வெளுத்துவிட்டது. ஏஞ்சல் மூச்சிரைக்கிறது. காப்பாற்ற வேண்டிய மீனையே துரத்தியிருக்கிறேன்.

ஜூன் 6

ஏஞ்சல் சாப்பிடவில்லை.

ஜூன் 7

"செடிகளையெல்லாம் எடுத்துவிடு, பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்" என்கிறார் அண்ணன். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் கட்டையில் கட்டியவை. கட்டையோடு தூக்கி வாளித் தண்ணீரில் வைத்துவிடலாம். ஹைக்ரோஃபிலாவை நறுக்கி மீண்டும் நட்டால் வேர்விடும். கிரிப்டோகோரைனில்தான் கைவைக்க முடியாது. வேரை அசைத்தால் இலைகள் கூழாகக் கரையும். அடித்தண்டு பிழைத்திருந்தால் திரும்பத் துளிர்க்கும், ஆனால் அதற்குப் பல வாரங்கள் வேண்டும். இரண்டு ஆண்டுகளாக ஓர் இலைகூட வாடாமல் முன்கண்ணாடி வரை படர்ந்த புதர் அது. செடிக்காக மட்டும் தயங்கவில்லை. இலை அழுகினால் தண்ணீர் கெடும். அந்தத் தண்ணீரில் புண்ணோடு ஒரு மீன் இருக்கிறது.

பாசி தின்னி வாங்கியபோது நான்கு சென்டிமீட்டர். உண்மையாகவே பாசி தின்றது, கண்ணாடி பளிச்சென்று இருந்தது. இப்போது பதினான்கு. வளர வளரப் பாசியில் நாட்டம் குறைந்து, தட்டையான மீன்களின் விலாவைத் தேடிப்போய் ஒட்டுகிறது. செவுள் மூடிக்கு மேலே அதற்குத் தனியாக ஒரு துளை உண்டு. அந்த வழியாகத் தண்ணீரை இழுத்து மூச்சுவிடும். முன்பு அதை எல்லோருக்கும் காட்டி வியந்திருக்கிறேன். இன்று முழுவதும் அதே நினைப்பு: வாயை எடுக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

ஜூன் 8

பாசி தின்னிக்கு ஒரு பொறி. இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை அறுத்து, தலைகீழாகத் திருப்பி உள்ளே செருகினேன். கழுத்து இதன் உடம்புக்குப் போதாது, எனவே வாயை அகலமாக வெட்டி விளிம்பை மழுக்கினேன். பாட்டில் முழுவதும் சூடான ஊசியால் துளைகள். தண்ணீர் ஓடாவிட்டால் உள்ளே மாட்டும் மீன் விடிவதற்குள் மூச்சுமுட்டிச் சாகும். அடியில் கூழாங்கல், வெந்த வெள்ளரித் துண்டு. இன்று யாருக்கும் தீனி இல்லை. பசி இருந்தால்தான் பொறி வேலை செய்யும்.

ஜூன் 9

பொறிக்குள் ஏழு நியான்கள். பாசி தின்னி பாட்டிலின் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வெள்ளரி இருக்கும் இடத்தை உரசிக்கொண்டிருந்தது.

ஏழையும் விடுவித்துவிட்டு எண்ணினேன். மொத்தம் பதினொன்று. பன்னிரண்டு இருக்க வேண்டும்.

ஜூன் 10

கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். வட்டத்தின் ஓரத்தில் பஞ்சு போல ஏதோ. பூஞ்சையாக இருக்கக் கூடாது.

ஜூன் 11

பூஞ்சைதான். ஏஞ்சலைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுக்கலாம். ஆனால் இந்த நிலையில் அதையும் வலைபோட்டுப் பிடிக்க வேண்டுமே? முதலில் பாசி தின்னி வெளியேற வேண்டும். இன்று அண்ணனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

நியானைப் பில்டரின் உறிஞ்சுகுழாயிலும் தொட்டிக்குப் பின்னால் தரையிலும் தேடினேன். இல்லை.

ஜூன் 12

பெரிய வலையை நேற்றிலிருந்தே தொட்டிக்குள் அசையாமல் நிறுத்திவைத்திருக்கிறேன். காலையில் பாசி தின்னி அதன் அருகே வர மறுத்தது. மாலையில் கம்பியில் உட்கார்ந்திருந்தது. கையை நீட்டியதும் போய்விட்டது. வலைக்குப் பழகிவிட்டது, என் கைக்குப் பழகவில்லை. வலைக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி. பகலுக்குப் பதிலாக இரவு.

ஜூன் 13, அதிகாலை 3.40

கை இன்னும் நடுங்குகிறது.

பத்து மணிக்கே விளக்கை அணைத்துவிட்டோம். இரண்டரைக்கு முதலில் ஹீட்டரை அணைத்தேன், தண்ணீர் இறங்கி அதன் சூடான கண்ணாடி வெளியே தெரிந்தால் வெடித்துவிடும். மெல்லிய குழாயில் பாதித் தண்ணீரைச் சத்தமில்லாமல் இறக்கினோம். ஆழம் பாதியானால் தப்பும் இடமும் பாதி. அண்ணன் காகிதம் சுற்றிய டார்ச்சைப் பிடித்தார். முன்கண்ணாடியில், மண்ணுக்கு ஒரு விரல் மேலே ஒட்டியிருந்தது. பெட்டியின் வாயை அதன் தலைக்கு முன்னால் வைத்துவிட்டு அசையாமல் இருந்தேன். பிறகு வாலுக்குப் பின்னால் சின்ன வலையை நெல் மணி அளவு, நெல் மணி அளவாக நகர்த்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோள் மரத்துப்போனது. வால் வலையில் பட்டதும் முன்னோக்கிப் பாய்ந்தது, நேராகப் பெட்டிக்குள். உள்ளங்கையால் மூடினேன். பெட்டிக்குள் அது திமிறியபோது கையெல்லாம் அதிர்ந்தது.

கிரிப்டோகோரைனில் ஓர் இலைகூட மடியவில்லை.

அது இப்போது தனித் தொட்டியில் இருக்கிறது, மூடி போட்டு. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாளை அதற்கும் வெள்ளரி வைக்க வேண்டும்.

ஜூன் 14

ஏஞ்சல் தொட்டியின் நடுவுக்கு வந்தது. இரத்தப்புழு மூன்று தின்றது. நான்காவதை வாயில் எடுத்துத் துப்பிவிட்டது. வலது பக்கத்தை மட்டுமே காட்டுகிறது.

ஜூன் 16

பஞ்சு குறைந்திருக்கிறதா, அல்லது குறைந்ததாக நான் நினைக்கிறேனா? இரண்டு முறை விளக்கைப் பிடித்துப் பார்த்தேன்.

நியான் பதினொன்றுதான்.